எதிரொலி வேலை

"நாம கத்துனதைவிட அது நல்லா கத்துச்சுடி!"

கேட்டீர்களா அக்கா? முன் சீட்டில் மஞ்சள் தொப்பி போட்ட பெண் போனில் யாரிடமோ சொல்கிறாளே, அதைத்தான் கேட்கிறேன். எதிரொலியைச் சொல்கிறாள். அவள் மணிக்கட்டில் பச்சை நாடா இருக்கிறது பாருங்கள். அந்த ரிசார்ட்டில் கட்டிவிடுகிற நாடா. மூன்று நாள் தங்கினால் பச்சை, இரண்டு நாள் என்றால் ஆரஞ்சு. வீடு போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வாரம் அறுக்கமாட்டார்கள். எல்லாரும் பார்க்க வேண்டுமே.

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடமும் கடைசி பெஞ்ச். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தாலும் வாய் திறக்காது. பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் வெளியே பார்த்துக்கொண்டே வந்துவிடுவேன். ஆனால் இதைக் கேட்ட பிறகு சும்மா வர முடியவில்லை. நீங்கள் வத்தலக்குண்டில்தானே இறங்குகிறீர்கள்? அப்படியானால் நேரம் இருக்கிறது. ஜன்னல் ஓரம் நீங்களே இருங்கள் அக்கா. எனக்கு வளைவில் ஒன்றும் செய்யாது. வாந்தி எடுக்கிறவர்களைப் பார்த்தால்தான் செய்யும்.

அந்த ரிசார்ட்டின் பேர் வேண்டாம். இங்கிலீஷில் மேகம் என்று ஏதோ வரும். தாண்டிக்குடிப் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு மேலே. கோடை விடுமுறை இரண்டு மாதமும் நான் அங்கேதான் வேலை பார்த்தேன். இன்றைக்கு அனுபவச் சான்றிதழ் கேட்டுப் போயிருந்தேன். விருந்தாளிகள் என் பேரில் புகார் எழுதியிருக்கிறார்களாம், தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரிசப்ஷனில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துச் சொன்னார்கள். எல்லாம் ஒரு பொம்பளையால். சிட்டம்மா என்று பேர். சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. தாவரவியல். 'இயற்கை நடைக்கு வழிகாட்டி தேவை' என்று விளம்பரம் வந்தது. எனக்கு ஏற்ற வேலை என்று நினைத்தேன். மரத்தைக் காட்டினால் போதும், மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியதில்லை என்று. போய்ப் பார்த்தால், இயற்கை நடை காலையில் அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் 'ஆக்டிவிட்டி'. கம்பியில் தொங்கிக்கொண்டு போவது, கயிற்றுப் பாலம், வில் அம்பு, பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் ஆளைப் போட்டுச் சரிவில் உருட்டுவது. அந்தப் பந்துக்குள் யாராவது வாந்தி எடுத்தால் குழாயால் அடித்துக் கழுவி, ஈரம் காய்வதற்குள் அடுத்த ஆளை ஏற்றுவார்கள். உள்ளே ஏறுகிறவரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஏறுவார். அதற்கும் வரிசையில் நிற்பார்கள் அக்கா. நான் பார்த்திருக்கிறேன். ஒரு அப்பா தன் பிள்ளையை முன்னால் விடுவதற்காக இன்னொரு பிள்ளையின் தொப்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

காலை ஒன்பது மணிக்கே முகத்தில் பூசிய க்ரீம் வாசனையும் சிக்கன் வறுவல் வாசனையும் சேர்ந்து வரும். காப்பிச் செடியில் குழந்தையின் டயப்பரைத் தொங்கவிட்டுப் போவார்கள். மரப்பெரணி என்று ஒன்று உண்டு, பெரணிதான், ஆனால் மரம்போல வளரும். ஆள் உயரம் வர எத்தனையோ வருஷம் ஆகும். அதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அதன் பின்னால் போய் நின்று ஜிப்பை இறக்குகிறார். என்ன சொல்வது? பெண் பிள்ளை நான். அடுத்த மரத்துக்கு அழைத்துப் போனேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எம்.எஸ்சி.க்கு வனத் தாவரவியல் எடுக்க வேண்டும், அதற்கு வேலை பார்த்த சான்றிதழ் இருந்தால் நல்லது என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

எதிரொலிக்கு வருகிறேன்.

அங்கே பள்ளத்தாக்கின் ஓரமாக ஒரு மேடை இருக்கிறது. கம்பித் தடுப்புப் போட்டு, 'எதிரொலி முனை' என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். எதிரே அறுநூறு எழுநூறு அடியில் அடுத்த சரிவு. முன்னே அந்தச் சரிவில் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் இருந்ததாம். இந்தப் பக்கம் நின்று கத்தினால் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோலக் குரல் திரும்பி வருமாம். போன வருஷம் புது பிளாக் கட்டினார்கள். அதற்குக் கல் வேண்டும். பக்கத்திலேயே நல்ல பாறை இருக்கிறதே என்று அந்தச் சுவரை உடைத்து எடுத்தார்கள். கட்டி முடித்து, பால் காய்ச்சி, முதல் விருந்தாளியை மேடைக்கு அழைத்துப் போய்க் கத்தச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை. கல்லோடு எதிரொலியும் கட்டடத்துக்குள் போய்விட்டது.

சிரிக்காதீர்கள் அக்கா. ஒரு எஞ்சினியர்கூட யோசிக்கவில்லை. இதற்குள் விளம்பரத்திலெல்லாம் எதிரொலி முனை என்று அச்சடித்தாயிற்று.

மேனேஜர் பிரிட்டோ சார் எதிர்ச்சரிவில் ஸ்பீக்கர் கட்டிப் பார்த்தார். குரங்குகள் வயரைப் பிடுங்கி விளையாடின. பிறகு வாட்ச்மேனை உட்கார வைத்தார். அவர் பாதி நேரம் தூங்கினார், மீதி நேரம் இருமினார். ஒரு குழந்தை "அம்மா" என்று கத்தியதற்கு இருமல் திரும்பி வந்ததாம். அதற்குப் பிறகுதான் சிட்டம்மா.

காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள், லயன் என்று தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில் இருப்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தொண்டை மட்டும் அவ்வளவு பெரிசு. அங்கே பெண்கள் ஒரு சரிவில் பறிப்பார்கள், கங்காணி இன்னொரு சரிவில் நிற்பார். இங்கிருந்து அங்கே குரல் கொடுத்துத்தான் எல்லாம் நடக்கும். அதில் பழகிய தொண்டை. எதிர்ப்பக்கம் ஒரு உருண்டைக் கல் இருக்கிறது, அதன் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். யாராவது "மீனா" என்று கத்தினால், இரண்டு எண்ணும் நேரம் விட்டு, "மீனா… ஈனா… னா…" என்று திரும்ப விடுவாள். கேட்டால் சத்தியமாக மலைதான் பேசுகிறது என்பீர்கள்.

"முழுசா திருப்பிச் சொன்னா ஆள் சொல்ற மாதிரி ஆயிரும் பாப்பா. போகப் போக வாலை மட்டும் பிடிக்கணும்" என்பாள். ஏதோ பெரிய சங்கீதம்போல. வெற்றிலை போட்டுக்கொண்டுதான் சொல்வாள். ஓரமாக ஒழுகும். எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

என் வேலை விசில் ஊதுவது. ஒரு விசில் என்றால் ஆட்கள் வந்துவிட்டார்கள், தயாராகு. இரண்டு விசில் என்றால் போதும், நிறுத்து. விருந்தாளிகள் கேட்டால் காட்டுமாடு வராமல் இருக்க ஊதுகிறோம் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் நம்பினார்கள். ஒரு அம்மா, "காட்டுமாடு விசிலுக்குப் பயப்படுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஏமாற்று வேலைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நான் ஏமாற்றவில்லை அக்கா. எதிரொலி இருக்கிறது என்று ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. "கத்திப் பாருங்கள்" என்றுதான் சொல்வேன்.

ஒரு தடவை நடந்ததைக் கேளுங்கள். மேடையில் ஒரு பெரியவர் கத்துவதற்காக மூச்சை இழுத்தார், தும்மிவிட்டார். சாதாரணத் தும்மல் இல்லை, மரத்தில் இருந்த பறவையெல்லாம் எழுந்தன. இரண்டு எண்ணும் நேரம் ஆயிற்று. எதிர்ச்சரிவிலிருந்து, "நூறாயுசு… ஆயுசு… யுசு…" என்று வந்தது.

பெரியவர் அப்படியே இரண்டு கையையும் கூப்பிவிட்டார். மலைக்குள் சாமி இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுநாள் தேங்காய் பழத்தோடு வந்து நின்றார். பிரிட்டோ சார் சிட்டம்மாவைக் கூப்பிட்டு ஆடித் தீர்த்தார்.

"எதிரொலிக்கு ஆசீர்வாதம் பண்ற வேலை இல்லம்மா! சொன்னதைச் சொல்லு, சொல்லாததைச் சொல்லாத!"

"தும்முனா சும்மா இருக்க முடியுமாங்கய்யா? வாய்ல வந்துருச்சு."

"வரக்கூடாது. இன்னொரு தடவை நீயா ஒண்ணு பேசுனாலோ, பேச வேண்டிய நேரத்துல சும்மா இருந்தாலோ, உன் மகளுக்கு ஹவுஸ்கீப்பிங்ல சொல்லி வெச்சிருக்கேனே, அதை மறந்துரு."

மகள் பேர் செல்லக்கனி. பிளஸ் டூ முடித்த பெண். அவளுக்கு ரிசார்ட்டில் நிரந்தர வேலை போட்டுத் தருவதாகச் சார் சொல்லியிருந்தார். சிட்டம்மா சாக்கை எடுத்துக்கொண்டு கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

நான் அவளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன் அக்கா. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். தொண்டை கட்டிய நாளில் மிட்டாய் மாத்திரை கொடுத்திருக்கிறேன். வெந்நீர் கேட்டால் கேன்டீனில் சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், காகிதக் கப்பில். என் பாட்டிலிலேயே கொடுத்திருக்கலாம். தூக்கிக் குடித்தாலும் வெற்றிலைச் சிவப்பு ஓரத்தில் படும் இல்லையா? நான் வித்தியாசம் பார்க்கிறவள் இல்லை. சுத்தம் பார்ப்பேன், அவ்வளவுதான்.

எதிரொலி வேலையில் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துபோகும். மேடைக்கு வருகிறவர்கள் முதலில் தங்கள் பேரைக் கத்துவார்கள். பிறகு குழந்தையின் பேர். அதற்கப்புறம் ஐ லவ் யூ. இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார்கள். அந்த நிமிஷத்தில் முகம் மாறும். நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊரில் கத்த முடியாததை இங்கே கத்தலாம் என்று தோன்றிவிடும். முதலாளியைத் திட்டுவார்கள். மாமியாரைத் திட்டுவார்கள். டை கட்டிய மனிதர் ஒருவர் தன் தம்பியின் பேரைச் சொல்லி, நாசமாய்ப் போ என்று மூன்று தடவை கத்தினார். ஆண்கள் மட்டும் தனியாக வந்தால் கெட்ட வார்த்தைதான். அதைக் கத்திவிட்டு, மலை திருப்பிச் சொல்வதைக் கேட்டு, ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மலை எங்கே சொன்னது? சிட்டம்மாதான் சொன்னாள். அந்த வார்த்தைகளை நான் உங்களிடம் சொல்லமாட்டேன். என் நாக்கு வராது. அவளுக்கு எப்படித்தான் வந்ததோ! எனக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருக்கும். வேலை என்றாலும் ஒரு கூச்சம் வேண்டாமா?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, அதையெல்லாம் சொல்றப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?"

"தோணும் பாப்பா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பித் துப்பிருவேன்" என்றாள்.



இப்போது அந்தச் சனிக்கிழமை. மே மாதம் மூன்றாவது வாரம். ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள் என்று ரிசார்ட்டே பரபரப்பாக இருந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் சிட்டம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கத்தரிப்பூக் கலரில் புதுச் சேலை கட்டியிருந்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் முதலில் அடையாளமே தெரியாமல் பார்த்தேன்.

"பாப்பா, ஒரு ஒத்தாசை பண்ணணும்."

செல்லக்கனியைப் பெண் பார்க்கப் பண்ணைக்காட்டிலிருந்து வருகிறார்கள் என்றாள். மாப்பிள்ளை எலக்ட்ரீசியன். நல்ல இடம். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார்கள். லீவு கேட்டாளாம், பிரிட்டோ சார் நாற்பது பேர் வருகிற அன்றைக்கா என்று எரிந்து விழுந்தாராம். எதிரொலி நேரமும் ஐந்திலிருந்து ஆறு. ஆறு மணிக்கு ஓடிப் போய்விடலாம், அதுவரைக்கும் கொழுந்தன் பொண்டாட்டி காப்பி கொடுத்துச் சமாளித்துக்கொள்வாள். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்புறம் என்ன?"

"எங்க லயன் வீடு அந்தக் கல்லுக்கு நேரே கீழதான பாப்பா இருக்கு. மேல கத்துறது எல்லாம் முத்தத்துல கேக்கும். பேரச் சொன்னா, சிரிச்சா ஒண்ணுமில்ல. அசிங்கமா எவனாவது கத்தி, அதை நான் திருப்பிச் சொல்லி, வந்தவுக காதுல விழுந்துச்சுன்னா? யாரு கத்துறதுன்னு கேப்பாக. லயன்ல எல்லாருக்கும் என் தொண்டை தெரியும். இந்தப் பொம்பளை வீட்டுப் பொண்ணு எப்படி இருக்கும்னு எந்திரிச்சுப் போயிருவாக."

"நீங்க சும்மா இருந்துடுங்களேன்."

"நானா நிறுத்துனா அந்தாளு மகளுக்கு வேலை இல்லம்பாரு. நீ விசில் ஊதினா காட்டுமாடு வந்துருச்சுன்னு ஆகிப்போகும். ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மொத அசிங்கம் அவன் வாய்ல வந்த உடனே ரெண்டு விசில் ஊதிரு பாப்பா. இன்னைக்கு ஒருநாள். நீ படிச்ச பிள்ளை. உனக்குச் சொல்லணுமா?"

நான் தலையை ஆட்டினேன். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை அக்கா, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலையைத்தான் ஆட்டினேன்.

ஐந்து மணிக்கு ஒரு விசில் ஊதினேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. குடும்பத்தோடு வந்தவர்கள் பேரைக் கத்தினார்கள். கம்பெனியின் பேரை எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். சிட்டம்மா அவ்வளவு அழகாகத் திருப்பினாள். பெண்களும் குழந்தைகளும் டீ சாப்பிடப் போனார்கள். ஆண்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுவிட்டார்கள். எல்லார் சட்டையும் ஒரே நீலம். அவர்களுக்குத் தலைவன் நவநீத் என்று ஒருவன். முப்பது வயது இருக்கும். கையில் போனை வைத்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். என்னையும் எடுத்தான்.

"மேடம், கொஞ்சம் சிரிங்க மேடம். விசிலை வாயில வெச்சிட்டு கண்டக்டர் மாதிரி நிக்கிறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துவிடும் எனக்கு, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்போதுதான் அவர்களில் ஒருவன், "மச்சி, இந்த எக்கோ பொம்பளைக் குரல்ல வருதுல்ல?" என்றான்.

"ஆமாடா."

"நல்லாருக்குல்ல?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பெண்களுக்கெல்லாம் தெரியும். நவநீத் போனை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுத் தடுப்புக் கம்பிமேல் ஏறி நின்றான். ஒரு வார்த்தை கத்தினான்.

எதிர்ச்சரிவிலிருந்து ஒன்றும் வரவில்லை.

இரண்டு எண்ணும் நேரம் ஆயிற்று, மூன்று, நான்கு. அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். விசில் வாயில்தான் இருந்தது. ஊதியிருக்கலாம் என்பீர்கள். சொல்வது சுலபம் அக்கா. ஊதினால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்தப் போனில் என் முகம் இருக்கும். ஏன் மேடம் ஊதினீங்க என்பார்கள், காட்டுமாடு எங்கே மேடம் என்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டும். போகும்போது கருத்துப் படிவத்தில் என் பேர் போட்டு எழுதுவார்கள். எனக்குச் சான்றிதழ் வேண்டும். தடுப்புக் கம்பியின் கீழ்ப்பக்கம் சாம்பல் பச்சையில் பாசிக்காளான் படர்ந்திருந்தது. சுத்தமான காற்று இருக்கிற இடத்தில்தான் அது வளரும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன மேடம், ரிப்பேரா? புக்கிங்ல எக்கோ இருக்குன்னு போட்டிருந்தீங்க?"

மறுபடியும் கத்தினான். இந்தத் தடவை முன்னதைவிட மோசம். அவன் தொண்டை நரம்பு புடைத்தது.

கொஞ்சம் பொறுத்து அது திரும்பி வந்தது. வால் மட்டும் வந்தது. முதல் பாதியை விழுங்கிவிட்டாள்.

"சத்தம் பத்தலை! சத்தமாச் சொல்லு!" என்று கத்தினான். சேர்ந்து எல்லாரும் கத்தினார்கள். ஒருவன் ஆரம்பிக்க, பன்னிரண்டு பேரும் தாளம் போட்டுக்கொண்டு அந்த ஒரே வார்த்தையை. நாய்கள் குரைத்ததுபோல இருந்தது. டீ குடிக்கப் போன பெண்களில் ஒருத்தி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள், பிறகு திரும்பிக்கொண்டாள். பாருங்கள், அவள் நினைத்திருந்தால் வந்து நிறுத்தியிருக்கலாம். அவள் புருஷனே அதில் இருந்தான். இப்படித்தான் மனிதர்கள்.

அப்போது முழுசாக வந்தது. நான் இரண்டு மாதத்தில் கேட்காத சத்தத்தில் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க அந்த வார்த்தை. கீழே லயன் பக்கம் ஒரு நாய் குரைத்து அடங்கிற்று. அதற்குப் பிறகு மனிதச் சத்தமே இல்லை.

இவர்கள் குதித்தார்கள். "மச்சி, சொல்லிருச்சுடா! இங்க வாடின்னு கூப்பிடு, வருதான்னு பாப்போம்."

நவநீத் இரண்டு கையையும் குவித்து, "இங்க வாடீ!" என்று கத்தினான்.

எதிரொலி வரவில்லை.

"இங்க வாடீ!"

வரவில்லை. நான்கைந்து முறை கத்தினார்கள், அலுத்துப் போயிற்று. ஒருவன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான். சாப்பிட்டுவிட்டுக் காற்றில் விட்டான், அது பள்ளத்தாக்கில் பறந்து போவதையும் படம் எடுத்தார்கள். நவநீத் என்னிடம் வந்து, "பாதி எக்கோதான் கிடைச்சுதுன்னு எழுதப் போறேன் மேடம்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் பல்லில் மசாலாத் துகள் ஒட்டியிருந்தது. நான் மணியைப் பார்த்தேன். ஆறாக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அந்தச் சரிவிலிருந்து இந்தப் பக்கம் வர ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. லயன் வீடுகளைத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, மேடைக்குப் பின்னால் ஏறும். கால் மணி நேரம் பிடிக்கும். வேலை நேரத்தில் அந்தப் பாதையில் வரக்கூடாது, விருந்தாளிகள் கண்ணில் படவே கூடாது என்று அவளுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் வந்தாள். கத்தரிப்பூச் சேலை முழங்கால்வரை நனைந்து, முள் கிழித்து, மூச்சு வாங்க மேடையில் ஏறி நின்றாள்.

அவர்களுக்கு அவள் யார் என்று தெரியவில்லை. துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு வழிவிட்டார்கள்.

"யாருய்யா கூப்பிட்டது?" என்றாள். சாதாரணக் குரலில்தான் கேட்டாள்.

"என்னக்கா?"

"இங்க வாடின்னு கூப்பிட்டது யாரு? வந்திருக்கேன். என்னத்துக்குக் கூப்பிட்ட?"

ஒருவன் சிப்ஸ் கையைச் சட்டையில் துடைத்தான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நவநீத் முன்னால் வந்ததும் நின்றாள். அவன் தோளுக்குத்தான் இருந்தாள்.

"இங்கேருந்து கத்துனியே ஒரு வார்த்தை. இப்பச் சொல்லு. பக்கத்துலதான இருக்கேன், கத்த வேண்டாம். மெதுவாவே சொல்லு."

அவன் ஒரு அடி பின்னால் போனான். "என்னக்கா பேசுறீங்க, நாங்க சும்மா எக்கோதான் விட்டோம்…"

அவள் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"வந்தவுக காப்பியைக்கூடத் தொடலை பாப்பா. அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டாக. வர்ற வழியில பாத்துட்டுத்தான் வாரேன். செல்லக்கனி கதவைச் சாத்திக்கிருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ ஏன் பாப்பா ஊதலை?"

அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு என்னை அப்படிக் கேட்டாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நான் விளக்கிச் சொல்லியிருப்பேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதுவே நடந்துவிட்டது. போனைப் பிடித்திருந்தவன் இன்னும் எடுத்துக்கொண்டேயிருந்தான். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் உடம்பிலிருந்து வேர்வையும் வெற்றிலையும் ஓடைச் சேறும் கலந்த வாசனை வந்தது.

நவநீத்துக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "மேடம், என்ன இது? யார் இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றான்.

"தெரியாது" என்றேன்.

சிட்டம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு எண்ணும் நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக, "தெரியாது… ரியாது… யாது…" என்றாள்.